முள் ஒரு சுற்று வரும்வரை

அந்தக் கச்சேரிப் பருவத்துக்கு இசை தேர்ந்தெடுக்கும் கூட்டத்தில் இருமியது நான்தானா என்று இப்போது உறுதியாகச் சொல்ல முடியவில்லை, முதல் வயலின்காரம்மாவாகக்கூட இருந்திருக்கலாம், அவருக்கு அந்த வாரம் சளி... இல்லை, நான்தான், இசைக் குழுவை நடத்தும் கண்டக்டர் தலையைத் தூக்கி என்னைத்தானே பார்த்தார், "என்ன சார், பேசப் போறீங்களா?" என்று கேட்டார், நான் "இல்ல சார், தொண்டையில ஏதோ" என்றேன். இந்த ஒன்று மட்டும் மாறுவதில்லை. சன்னல் திறந்திருந்ததா, தேநீர் வந்துவிட்டதா, மற்றதெல்லாம் நினைக்கும் ஒவ்வொரு முறையும் இடம் மாறி உட்கார்ந்துகொள்கிறது. அந்தக் கூட்டம் முடிந்து ஒரு மாதம் கழித்து ஒரு மதியம், நூலக அறையில் தனியாக ரப்பர் வைத்து அழித்துக்கொண்டிருந்தேன், சிம்பொனிக் குழுவில் நூலகர் என்றால் பாதி நாள் அழிக்கிற வேலைதான், டிரம்பெட்காரருடைய மச்சான் எழுதிய இசை, அவர் ஊர்க் குழு ஏற்கெனவே வாசித்து அனுப்பிய தாள்கள், வில்லை மேலே இழு, கீழே இழு என்று எவரெவரோ போட்ட பென்சில் குறிகள், ஒரு ஓரத்தில் யாருடைய மூக்கோ வரைந்திருந்தது, மூக்கை அழிக்க மனம் வரவில்லை, அழித்தேன். அந்த மேசையில் என் அக்கா எழுதிய இசையின் தாள்கள் இருந்திருக்க வேண்டும்.

வெளியே இருப்பவர்கள் ஒரு பருவத்துக்கான இசையை நாங்கள் கண்ணை மூடி, ஏதோ அருள் வந்து தேர்ந்தெடுப்பதாக நினைக்கிறார்கள். அப்படியெல்லாம் இல்லை. முதலில் இடைவேளைக்குப் பிறகு வரும் பெரிய சிம்பொனி, முக்கால் மணி நேரம், ஐந்து ஆண்டுகளுக்குள் வாசித்திருக்கக் கூடாது, பிறகு வெளியிலிருந்து வரும் பியானோக்காரர் எதற்குச் சம்மதிக்கிறாரோ அது, மிஞ்சுவது கச்சேரித் தொடக்கத்தில் பத்துப் பன்னிரண்டு நிமிடம், தாமதமாக வருகிறவர்கள் கதவுக்கு வெளியே நிற்கிற நேரம், புதிதாக எழுதுகிறவர்கள் நுழைய அந்தச் சந்து ஒன்றுதான். அதற்கு வந்த ஒவ்வொன்றுக்கும் என் கையெழுத்தில் ஓர் அட்டை. எதைச் சொன்னாலும் "எத்தனை நிமிஷம்?" என்று கேட்பதால் கடிகாரம் என்று பெயர் வாங்கிய மேலாளர் அட்டையை மேசை நடுவில் வைப்பார், முழுத் தாளையும் படித்தவர்தான் பேசலாம், சுவர்க் கடிகாரத்தில் விநாடி முள் ஒரு சுற்று வருவதற்குள் யாரும் வாய் திறக்காவிட்டால் அட்டை தகரப் பெட்டிக்குத் திரும்பிவிடும். அன்று மேசைக்கு வந்த அக்காவுடையதை நான் மட்டுமே படித்திருந்தேன். மற்ற நால்வருக்கும் பிரதி அனுப்ப வேண்டியவனும் நான்தான், நாளைக்கு, நாளைக்கு என்று... மறந்தேனா? ஒரு நூலகன் அதையா மறப்பான்? "சொந்தம்னு தூக்கியும் விடாத, சொந்தம்னு தள்ளியும் விடாத தம்பி, சும்மா படிச்சுப் பாரு," என்று சொல்லித்தான் கையில் கொடுத்தாள். முள் ஆறைத் தாண்டியது, ஒன்பதைத் தாண்டியது, நான் இருமினேன். சொந்தக்காரன் பேசினால் நாலு பேர் என்ன சொல்வார்கள் என்றுதான், வேறென்ன, என்று அன்றே சமாதானம் சொல்லிக்கொள்ளப் பார்த்தேன், அதற்குள் அடுத்த அட்டை வந்துவிட்டது, டிரம்பெட்காரர் கூச்சமே இல்லாமல், "என் மச்சான் எழுதினதுதான், அதனால என்ன? மோசமா இருந்தா நானே கிழிச்சுப் போட்டிருப்பேன், எனக்கென்ன அவன்மேல பாசமா?" என்றார், எல்லோரும் சிரித்தார்கள், நானும், அட்டை மேசையிலேயே தங்கிவிட்டது.

நூலக அறையில் அழித்துக்கொண்டிருந்த அந்த மதியம்தான் தொலைபேசி அடித்தது. அக்கா. "லிஸ்ட் வந்துடுச்சாமே? என்னோடது இல்லன்னு தெரியும்டா, அதுக்கெல்லாம் அழ மாட்டேன். மேசைக்காவது வந்துச்சா?" வந்துச்சுக்கா. "யாராவது பேசினாங்களா?" தாள்மேல் கிடந்த ரப்பர் துகளை ஊதினேன், முள் சுத்திடுச்சுக்கா என்றேன். "நீ படிச்சியா?" படித்தேன். "எப்படி இருந்துச்சு? தம்பியா இருந்து சொல்ல வேணாம்." பதினான்காம் பக்கம் கண்முன் வந்து நின்றது, ஒவ்வொரு வாத்தியமாக விலகி, ஓபோக் குழல் மட்டும் ஒரு ஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டு நின்று, அதுவும் ஓய்ந்து, பிறகு எழுபது பேரும் சும்மா இருக்க வேண்டிய மூன்று தாளக் கட்டங்கள், அதைப் படித்த அன்று தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டு வெகுநேரம் சன்னலில் போய் நின்றேன், நானும் ஒரு காலத்தில் எழுதியவன், நாலு பக்கத்தோடு நின்றுபோனவன். "பதினோரு நிமிஷம், சரியா வருதுக்கா," என்றேன். அவள் சிரித்தாள். "போடா, நீயும் கடிகாரமாயிட்ட." வைக்கப் போகிறாள் என்று நினைத்தேன். "தொண்டை இப்ப பரவாயில்லையா?" என்று கேட்டாள்.

வைத்துவிட்டாள். முதல் வயலின்காரம்மா வாரத்தில் இரண்டு நாள் அக்கா வேலை பார்க்கும் பள்ளியில்தான் வகுப்பெடுக்கிறார், நான் இருமியதை அவர் சொல்லியிருப்பாரோ, அல்லது என் குரல் உண்மையாகவே கம்மியிருந்ததோ... கேட்க வாய் வரவில்லை, இன்றுவரை கேட்கவில்லை. ரப்பரை எடுத்தேன், அழிப்பதற்குக் குறி ஒன்றும் மிச்சமில்லாத இடத்திலேயே தேய்த்துக்கொண்டிருந்தேன், தாள் மெலிந்து மேசையின் நிறம் தெரிய ஆரம்பித்தது. அப்போதுதான் தோன்றியது, அக்கா எழுதியது சுமாராக இருந்திருந்தால் நான் பேசியிருப்பேனோ? நாலு பேரைப் பற்றிக் கவலைப்படாமல், டிரம்பெட்காரரைவிடச் சத்தமாக?

மச்சானுடையதை வாசித்தார்கள், கைதட்டினார்கள். கண்டக்டர் இரண்டு பருவம் கழித்து வேறு நகரத்துக்குப் போனார். கடிகாரம் ஓய்வு பெற்றுவிட்டார். டிரம்பெட்காரர் இப்போதும் வாசிக்கிறார், மச்சானோடு பேச்சுவார்த்தை இல்லை. முதல் வயலின்காரம்மா தோள்வலியால் குழுவைவிட்டு விலகி முழுநேரமும் பள்ளியில் இருக்கிறார். அக்கா அதன்பின் பெரிய குழுவுக்கென்று எதுவும் எழுதவில்லை, பிள்ளைகளுக்குப் பயிற்சிப் பாடங்கள் எழுதுகிறாள், ஞாயிற்றுக்கிழமைகளில் பேசிக்கொள்கிறோம். நான் அதே மேசையில் இருக்கிறேன். அக்காவின் அட்டை கிடக்கும் தகரப் பெட்டியும் என் பொறுப்பில்தான் இருக்கிறது.