சுவரை ஒட்டிய முதல் கட்டம்

தனுஷா முடிவு செய்ய வேண்டியிருந்தது ஒரே ஓர் எண்ணை. ஒலியைப்போல் மூன்று மடங்கு வேகத்தில் பறக்கும் கலத்தின் மேல் எவ்வளவு சூடு ஏறும் என்று கணினியில் கணக்கிட, சுற்றியுள்ள காற்றைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரிக்க வேண்டும். கலத்தின் சுவரை ஒட்டிய முதல் கட்டம் தலைமுடித் தடிமன் இருந்தால் போதுமென்றால், இரண்டே நாளில் வேலை முடியும். அதில் நூறில் ஒரு பங்கு என்றால் பதினோரு நாள். அத்தனை நாளும் சென்னை ஆய்வுக்கூடத்திலேயே கிடக்க வேண்டும். வெளியிலிருந்து அந்தக் கணினிக்குள் நுழைய அனுமதியில்லை.

சொந்த ஊரான கருணாபுரத்தில், பாவாடை என்ற அவள் அப்பாவுக்கு இரண்டு வாரமாக மூச்சிரைப்பு. சித்தாள் வேலைக்கும் போகவில்லை. போனில் கேட்டாள்.

"ரெண்டு நாள்ல முடிச்சிட்டு வந்துடட்டுமாப்பா?"

"இன்னா வேலம்மா அது?"

"செவுத்துகிட்ட காத்து இன்னா பண்ணுதுன்னு பாக்கறது. எட்ட நின்னு பாத்தா சூட்டக் கம்மியா காட்டிடும்ப்பா."

"காட்டுனா?"

"நம்பிப் பறக்க வுட்டா கருகிடும்."

"அப்ப கிட்டயே போய்ப் பாரு. எனுக்கு ஒண்ணுமில்ல. டிவி பாத்துக்கினு குந்திக்கினு இருக்கறேன்."

மெல்லிய கட்டத்தையே வைத்தாள். மூன்றாம் நாள் எண்கள் தாறுமாறாக ஏறிக் கணக்கு பாதியில் நின்றுபோனது. சரிசெய்து மறுபடி ஓட்டினாள்.

ஒன்பதாம் நாள் காலை அம்மா ஜெயம்மாளின் எண்ணிலிருந்து அழைப்பு. அம்மாவின் அழுகைதான் கேட்டது. பக்கத்து வீட்டு இருசம்மாள்தான் போனை வாங்கினாள்.

"அப்பா போய்ட்டாரு கண்ணு. கெளம்பி வா."

தனுஷா பஸ் பிடித்து வந்து சேர்ந்தபோது பாடை கட்டியிருந்தார்கள்.

"ஆஸ்பத்திரில சேத்து நாலு நாளாச்சிடி," என்றாள் ஜெயம்மாள். "உன்கிட்ட சொல்லக்கூடாதுன்னு கையில அடிச்சி சத்தியம் வாங்கிக்கினாரு."

தனுஷாவுக்குக் கோபம்தான் முதலில் வந்தது. யார்மேல் என்று தெரியவில்லை. அப்பாவின் கால்மாட்டில் விழுந்து கதறினாள்.

காரியம் முடிந்த மறுநாள், ஆய்வுக்கூடத்துத் தோழன் தமிழழகனிடமிருந்து செய்தி. மிச்ச ஓட்டத்தை அவன்தான் பார்த்துக்கொண்டான். மெல்லிய கட்டம் சொன்ன சூடு, மாதிரிக் கலத்தை வைத்துச் சோதனையில் அளந்ததோடு அப்படியே பொருந்துகிறது. ஒப்பிட்டுப் பார்க்கத் தடித்த கட்டத்தையும் ஓட்டினானாம். அது மூன்றில் ஒரு பங்கைக் குறைத்துக் காட்டியது.

"இன்னா வந்துருக்குது?" என்றாள் அம்மா.

"நான் வெச்சது சரின்னும்மா."

தப்பென்று வந்திருந்தால் தன்னைத் திட்டிக்கொண்டாவது ஆற்றாமையைத் தீர்த்திருப்பாள். இப்போது அதற்கும் வழியில்லை.

ஜெயம்மாள் மகளின் தலையை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள்.