தாய் தாய் என்று பாடியவன்

அந்த ரெக்கார்டில் பாடுகிறவன் அம்மாவைத் தேடுகிறான் என்றுதான் பட்டாபிராமன் ஆறு மாதமாக நினைத்துக்கொண்டிருந்தார். அடிக்கு அடி "தாய்... தாய்..." என்று முடிக்கிறான். ஒவ்வொரு தடவையும் பின்னால் ஒரு கூட்டம் விழுந்து விழுந்து சிரிக்கிறது. அம்மாவைக் காணோம் என்று ஒருத்தன் பாடினால் இவர்களுக்கு என்ன சிரிப்பு?

ராஜகீழ்ப்பாக்கத்தில் அவர் வீட்டுக் கூடத்தில் நானூறு பழைய இசைத்தட்டுகள் இருந்தன. இன்சூரன்ஸ் ஆபீசிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு சேர்த்தவை. இந்த ஒன்றின் லேபிளில் மட்டும் ஜப்பானிய எழுத்து. இரண்டு வீடு தள்ளி இருந்த மிருதுளா ஒரகடத்தில் கார் பாகம் செய்யும் கம்பெனியில் ஜப்பானிய மொழிபெயர்ப்பாளர். அவளைக் கூப்பிட்டார்.

"அதுக்கென்ன அங்கிள், பத்து நிமிஷ வேலை" என்றாள் மிருதுளா.

மூன்று முறை கேட்டாள். கரகரவென்ற சத்தத்துக்கு நடுவே வார்த்தைகள் ஓடின. 'தாய்' என்று அவர் காதில் விழுவது அவளுக்குத் தெரிந்ததுதான். ஜப்பானிய மொழியில் ஒரு வினையோடு அது சேர்ந்தால் 'வேணும்' என்று பொருள். ஆனால் இவன் பாடுவதில் அது ஒட்டவே இல்லை. 'இன்னிக்குக் குளிர் வேணும்.' 'ஒண்ணு போதும் வேணும்.' என்ன பேச்சு இது?

பட்டாபிராமனின் மனைவி ரமா காபியோடு வந்து நின்றாள். கணவன் மனைவி இரண்டு பேரும் மிருதுளாவின் முகத்தையே பார்த்தார்கள். பத்து நிமிஷம் எப்போதோ தாண்டிவிட்டது.

"ஆசைப்படறவனைப் பத்தின பாட்டு அங்கிள். சாப்பிட வேணும், தூங்க வேணும், கல்யாணம் பண்ணிக்க வேணும்னு எல்லாத்துக்கும் ஆசைப்படறான். அதான் சிரிக்கிறாங்க."

பட்டாபிராமனுக்கு ஒரே சந்தோஷம். அன்றைக்கே அதை ஒரு தாளில் அழகாக எழுதி ரெக்கார்டின் உறைக்குள் வைத்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை சேலையூரில் ரெக்கார்டு பிரியர்கள் கூடிய இடத்தில் தட்டைப் போட்டு, தாளையும் படித்தார். "முப்பது பேரும் கை தட்டினாம்மா. உன் பேரைச் சொல்லித்தான் படிச்சேன்" என்றார் மிருதுளாவிடம்.

அவளுக்குச் சுருக்கென்றது. கம்பெனியில் ஒரு வார்த்தை புரியாவிட்டால் கூச்சப்படாமல் திரும்பக் கேட்பாள். அங்கே ஒரு அளவு தவறாகப் போனால் ஆயிரம் பாகம் குப்பைக்குப் போகும். இங்கே மட்டும் ஏன் வாயில் வந்ததைச் சொன்னோம் என்று யோசித்தாள். பதில் தெரிந்துதான் இருந்தது. அதன் பிறகு இரண்டு வாரம் அவர் வீட்டு வழியாகப் போகாமல் பின்தெருவைச் சுற்றிப் போனாள்.

போனில் பதிவு செய்து வைத்திருந்த பாட்டை மட்டும் விடவில்லை. தினமும் காலையில் இரும்புலியூரில் கம்பெனி காரில் ஏறுவாள். பின்சீட்டில் ஒக்குபோ சான் இருப்பார். தர ஆய்வுக்கு ஜப்பானிலிருந்து வந்த பெரியவர். மூன்று வருடத்தில் அவர் பேசி அவள் தமிழாக்கியதெல்லாம் பெரும்பாலும் ஒரே வாக்கியம்: 'மறுபடி அளந்து பாருங்கள்.' ஒருநாள் படப்பையில் ஒரு லாரி குறுக்கே நின்று வண்டி நகரவில்லை. இயர்போன் சரியாகச் செருகவில்லை போலிருக்கிறது, பாட்டு வெளியே கேட்டுவிட்டது. மிருதுளா பதறி நிறுத்தப் போனாள்.

ஒக்குபோ சான் கையைக் காட்டித் தடுத்தார். கேட்டார். அவர் தோள் குலுங்கியது. பிறகு கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"இது எங்கள் ஊர்ப் பேச்சு" என்றார்.

அவருக்குச் சொந்த ஊர் ஜப்பானின் தெற்கே கியூஷு தீவு. அந்தப் பக்கத்தில் பேச்சை முடிக்கும்போது சும்மா ஒரு 'தாய்' போடுவார்களாம். பொருளே கிடையாது. ஆனால் அதே சொல் விசேஷத்துக்கு வாங்கும் ஒரு மீனின் பெயரும்கூட. பாட்டில் அந்த ஊர்க்காரன் டோக்கியோவில் மீன் கடைக்குப் போகிறான். 'இன்னிக்குக் குளிருது தாய்' என்கிறான். கடைக்காரன் ஒரு மீனைப் போடுகிறான். 'ஒண்ணு போதும் தாய்.' இன்னொன்று விழுகிறது. 'கோபப்படாதே தாய்.' இன்னொன்று. வாயை மூடினால் தப்பிக்கலாம், அவனால் மூட முடியவில்லை.

சனிக்கிழமை காலை மிருதுளா நேர்த்தெருவிலேயே போய்ப் பட்டாபிராமன் வீட்டு மணியை அடித்தாள். உட்காருவதற்கு முன்பே சொல்லிவிட்டாள்.

"அங்கிள், நான் அன்னிக்குச் சொன்னது தப்பு. எனக்குப் புரியலை. புரிஞ்ச மாதிரி சொல்லிட்டேன்."

அவர் எழுந்து போய் அந்த ரெக்கார்டை எடுத்தார். உறையிலிருந்து தாளை எடுத்து ஒருமுறை படித்தார்.

"அப்போ முப்பது பேர் எதுக்குக் கை தட்டினோம்?"

"சாரி அங்கிள்."

"தெரியலைன்னு சொல்லியிருக்கலாமேம்மா. நானும் தெரியாமத்தானே ஆறு மாசமா கேட்டுண்டிருந்தேன்."

திட்டியிருந்தால்கூட அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும். அவர் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "சரி, இப்போ நிஜத்தைச் சொல்லு" என்று தட்டைப் போட்டார்.

அவள் அடிக்கு அடி நிறுத்திச் சொன்னாள். ரமா கேட்டுவிட்டு, "அர்த்தம் புரியறது, சிரிப்புதான் வரலை" என்றாள். பட்டாபிராமனும் தலையாட்டினார். "தமிழ்ல இது வராது. நமக்குத் தாய்னா மீனா என்ன?"

"ஏன் வராது சார்?" என்று வெளியிலிருந்து ஒரு குரல்.

கன்னியம்மா. கோவளத்திலிருந்து மீனும் இறாலும் கொண்டுவந்து அந்தத் தெருவில் விற்பவள். இந்த வீட்டில் மீன் வாங்குவதில்லை. ஆனால் வேப்பமர நிழல் இங்கேதான் என்பதால் கூடையை இறக்கி வைத்துவிட்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள்.

"எங்கூட்டுக்காரரு வாயத் தொறந்தா 'சும்மா இர்றா'தான். போன வாரம் ஏலத்துல எவனோ பேஜார் பண்ணிகினு இருந்தான். இவரு 'டேய், சும்மா இர்றா!'ன்னு ஒரு சவுண்டு வுட்டாரு. அவ்ளோதான். நம்ம பச்சையம்மா, 'சும்மா இறா குடுக்கறாங்களாமே!'ன்னு பையத் தூக்கிகினு ஓடியாந்துட்டா. பின்னாலயே பத்துப் பேரு. இவரு பாவம், ஒவ்வொருத்தருகிட்டயும் 'சும்மா இர்றா, சும்மா இர்றா'ன்றாரு. கூட்டம் இன்னும் சேருது!"

ரமாவுக்குத்தான் முதலில் சிரிப்பு வெடித்தது. வாயில் புடவைத் தலைப்பை அடைத்துக்கொண்டு சுவரில் சாய்ந்துவிட்டாள். பட்டாபிராமன் சத்தமில்லாமல் குலுங்கினார். மிருதுளாவுக்கு இரண்டு வாரமாக நெஞ்சில் இருந்த பாரம் சிரித்த சிரிப்பில் எங்கே போனதென்று தெரியவில்லை. "மறுபடி சொல்லுங்கக்கா" என்றாள். கன்னியம்மா மறுபடி சொன்னாள். இந்தத் தடவை கூட்டம் இருபது பேராகியிருந்தது.

திங்கட்கிழமை காரில் ஏறியதும் மிருதுளா ஒக்குபோ சானிடம் அந்தக் கதையைச் சொல்லத் தொடங்கினாள். 'இரு' என்றால் என்ன, 'டா' யாரிடம் சொல்வது, 'சும்மா' என்பதற்கு எத்தனை அர்த்தம், இறா எப்படி இருக்கும் என்று எல்லாவற்றையும் விளக்கி முடிப்பதற்குள் படப்பை போய்விட்டது. அவர் கவனமாகக் கேட்டார். சிரிக்கவில்லை.

"கடைசியில் அந்த அம்மாவுக்கு இறா கிடைத்ததா?" என்று கேட்டார்.

மிருதுளா தண்ணீர் பாட்டிலைத் திறந்து ஒரு வாய் குடித்துவிட்டு, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள்.