மூடியில் வரைந்த சூரியகாந்தி

மூடியில் சூரியகாந்தியை வரைந்தவள் நான்தான். சும்மா இருக்காத கை. அந்தப் பூதான் எங்கள் நாலு குடும்பத்தையும் ஏப்ரல் கடைசியில், அரிசோனாப் பாலைவனத்தில் அசைய முடியாமல் உட்கார வைத்தது.

எங்கள் வீடு நாற்பதடி இழுவை வீடு. அதை இழுப்பது ஒரு காலத்தில் நெடுஞ்சாலையில் சரக்கு ஏற்றிப் போன பெரிய லாரி. சரக்கு இல்லாவிட்டாலும் லாரி லாரிதானே என்று இன்சூரன்ஸ் கம்பெனிகள் கதவைச் சாத்திவிடும். கேபினுக்குள் கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, கழிப்பறை நாலும் இருந்தால் 'வீட்டு வண்டி' என்று ஒரு கம்பெனி மட்டும் ஏற்றுக்கொள்ளும். படம் எடுத்து அனுப்ப வேண்டும். பின்னால் முழுக் குளியலறையையே இழுத்துக்கொண்டு போகிறவர்கள் லாரிக்குள் எதற்காகக் கழிப்பறை வைக்கப்போகிறார்கள்? வைத்தவர் என் கணவர் மெர்ல் மட்டும்தான். மற்ற மூன்று லாரிக்காரர்களும் படம் எடுப்பதற்காக, மூடியில் நான் பூ வரைந்த எங்கள் கழிப்பறைப் பெட்டியை இரவல் வாங்கிப் போனார்கள். சர்க்கரை கேட்டால் கொடுப்பதுபோல நானும் கொடுத்தேன்.

ஒரு வாரத்தில் ஏஜென்ட் ரோண்டா போன் செய்தாள்.

"நடீன், ஒரே பூ நாலு லாரியில பூத்திருக்குங்க."

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

"நாலு பாலிசியையும் நிறுத்திட்டாங்க. பெட்டி யாரோடதுன்னு தெரிஞ்சா அவங்களுக்குப் பாலிசியை உடனே திரும்பக் கொடுத்துடுவாங்க. மத்த மூணு பேருக்கும் பொய்ப் படம் அனுப்பினதா குறிப்பு விழும். அப்புறம் எந்தக் கம்பெனியும் அவங்களைத் தொடாது. யாருமே வாயைத் திறக்கலைன்னா, நாலு பேரும் புதுசா எழுதிப் போடலாம். அஞ்சு வாரம் ஆகும்."

மெர்லுக்கு மே ஒன்பதாம் தேதி வடக்கே சூ ஃபால்ஸ் நகரில் இதய வால்வு ஆபரேஷன். ஆயிரத்து ஐந்நூறு மைல் போக வேண்டும். இன்சூரன்ஸ் இல்லாமல் லாரியைச் சாலையில் இறக்க முடியாது. தேதியைத் தள்ளிப்போடுவதைப் பற்றி டாக்டரிடம் கேட்டால், "அந்தப் பேச்சே வேண்டாம்" என்றார். வீட்டை விட்டுவிட்டு வாடகைக் காரில் போகலாம் என்றால் மெர்ல் கேட்பதாயில்லை.

"நமக்கு இருக்கறது இது ஒண்ணுதான். ஆபரேஷன் முடிஞ்சு எங்க போய்ப் படுப்பேன்? ரோட்டுலயா?"

"அப்ப பெட்டி நம்மளுதுன்னு சொல்லிடறேன்."

"சொல்லிப் பாரு. மூணு பேரைக் காட்டிக் கொடுத்துட்டு நான் உயிரோட இருக்கணுமா?"

அதற்குமேல் அவரோடு பேச முடியாது. மூச்சு வாங்கும்.

வெயில் நூற்று நாலைத் தொட்டது. குளிருக்குத் தப்பி இங்கே முகாமிட வந்தவர்கள் எல்லோரும் வடக்கே போய்விட்டார்கள். மே மாதம் பிறந்தால் முகாமில் தண்ணீரும் நின்றுவிடும். மீதியிருந்தது நாங்கள் நாலு வண்டிகள்தான். பக்கத்து லாரிக்காரர் டுவேன் கெட்லர் தினமும் ஐஸ் மூட்டையோடு வருவார், மெர்லோடு சீட்டாடித் தோற்பார், என்னைக் கிண்டல் செய்வார். பெட்டியைப் பற்றி மட்டும் மூச்சே விடமாட்டார். எனக்கு அவர் மேல் எரிச்சலாக வந்தது. இவர்கள் குறும்புக்கு என் புருஷன் சாக வேண்டுமா என்று மனசுக்குள் வைதேன். அவர் கொண்டுவந்த ஐஸைத்தான் மெர்லின் நெற்றியில் வைத்துக்கொண்டே வைதேன்.

வியாழக்கிழமை விடியும்போது மெர்லின் உதடு நீலம் பாய்ந்திருந்தது. நான் லாரிக்குள் ஏறினேன். தரையில் பெட்டியைப் பொருத்தியிருந்த நாலு போல்ட் தழும்புகளைப் படம் எடுத்தேன். ஆறு வருஷத்துக்கு முன்னால், மெர்ல் அதே பெட்டிமேல் உட்கார்ந்து இளிக்கும் படம் ஒன்றும் இருந்தது. இரண்டையும் சேர்த்து, மூன்று பேரின் பெயரையும் எழுதி, ஆறு மணிக்கு ரோண்டாவுக்கு அனுப்பினேன். மெர்லிடம் சொல்லவில்லை.

பதினோரு மணிக்குப் பாலிசி வந்துவிட்டது. வீட்டை லாரியோடு பூட்டிவிட டுவேன் வந்தார். மெர்லால் எதையும் தூக்க முடியாமல் போனதிலிருந்து எங்களுக்கு அதைச் செய்கிறவர் அவர்தான். கொக்கி விழுந்ததா என்று குனிந்து பார்த்தார். காற்றுக் குழாய்களை மாட்டினார். பிறகு கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்:

"ஒன்பது மணிக்கு ஆபீஸ் திறந்ததுமே நாங்க மூணு பேரும் ரோண்டாவுக்குப் போன் போட்டோம், அம்மணி. பெட்டி உன்னோடதுன்னும் நாங்கதான் இரவல் வாங்கினோம்னும் சொல்லிட்டோம். அவ என்னமோ சொல்ல வந்தா. நான் கேக்காம வெச்சுட்டேன்."



"உங்களுக்கு... இனிமே யாரு பாலிசி கொடுப்பாங்க?"

"பார்த்துக்கலாம். லாரியை வித்துட்டு இங்கேயே கெடக்க வேண்டியதுதான்." சிரித்தார். "ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நீ என்னைக்கோ போயிருக்கலாம். புருஷன் அந்த நிலைமையில கெடக்க, எங்களுக்காக வாயைத் திறக்காம இருந்தியே நடீன். அதைப் பார்த்துக்கிட்டு எப்படிச் சும்மா இருக்கறது?"

மெர்ல் ஜன்னல் வழியே கையை நீட்டி டுவேனின் கையைப் பிடித்துக்கொண்டார். "இவ அப்படித்தான்யா" என்றார் பெருமையாக.

இருவரும் என்னைப் பார்த்தார்கள். நான் ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினேன். அப்போதும் வாயைத் திறக்கவில்லை.