மாதிரிப் பிரதி

“முழு உரிமை தர மாட்டேன் சார். பொது உரிமைன்னா போட்டுக்குங்க.”

இதை மட்டும் கேட்டுடாதே என்று அக்கா படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். பெரியம்மா பெண். விளம்பரக்காரர்களுக்குப் பின்னணி இசையை விற்கும் இந்தக் கம்பெனியில் எடிட்டர். மேசைக்கடியில் என் காலை மிதித்தாள். ஏற்கெனவே ஆடிக்கொண்டிருந்த கால், இன்னும் வேகமாக ஆடியது.

முழு உரிமை என்றால் ஒரே தொகை, நல்ல தொகை. அதோடு ட்யூன் அவர்களுடையது. பொது உரிமை என்றால் பத்து இடத்தில் விற்கலாம், வருவது சில்லறை. போன வருஷம் ஒன்றை முழுசாகக் கொடுத்தவள்தான் நான். எங்கள் வீட்டில் முதல் பட்டம் நான் வாங்கியது. பட்டமளிப்பு விழா வீடியோவுக்குத் தம்பி அதே ட்யூனைப் போட்டு நெட்டில் ஏற்றினான். மறுநாளே வீடியோ ஊமை. உரிமையாளர் புகாராம். அம்மா போனைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு, “உன் பாட்டுதானேடி, யாரைக் கேக்கணும்?” என்றாள்.

இந்த ட்யூனில் தாளமே அம்மாதான். தேய்க்கிற கடையில் அவள் இஸ்திரிப் பெட்டியைத் தட்டில் வைக்கிற ‘டக்’.

முதலாளி கோபப்படவில்லை. “பொதுவுல விட்டா எலி மருந்துக்கும் இதான் ஓடும், மூட்டுவலித் தைலத்துக்கும் இதான் ஓடும். பரவால்லையாம்மா?”

அவர் சொன்னது பொய்யில்லை. அதுதான் எரிச்சல்.

“ஓடட்டும் சார். எங்க வீட்டுலயும் ஓடணும்.”

பொதுவில் எடுக்கிற வழக்கமே தனக்கு இல்லை என்று ஒப்பந்தத்தை என் பக்கம் நகர்த்தினார். நான் அனுப்பிய மாதிரிப் பிரதி அருமையாம், நடுநடுவே என் குரல் வருவதுதான் இடைஞ்சலாம். யாரும் திருடாமலிருக்க நானே பேசிச் சேர்த்த குரல் அது.

அக்கா காதருகே குனிந்தாள். “அந்தக் காசுல சித்தி அந்தப் பெட்டியையே இறக்கி வச்சிடலாம்டி.”

அவள் புதிதாக எதுவும் சொல்லிவிடவில்லை. படுத்தாலும் எழுந்தாலும் இதே கணக்குத்தான் மண்டையைக் குடைந்தது. முழு உரிமை வேண்டாம் என்று கணக்கை முடித்துவிட்டுத்தான் பஸ் ஏறினேன். அம்மாவிடம் மட்டும் இன்னும் சொல்லவில்லை.

பேனாவை மூடி, அவர் பக்கமே திருப்பி வைத்தேன். “வரேன் சார்.” அக்காவின் முகத்தைப் பார்க்கவில்லை.

லிஃப்டுக்கு நிற்கப் பொறுமையில்லை. படியில் இறங்கும்போது மூடிய கதவுக்குப் பின்னால் அவர் அந்த மாதிரிப் பிரதியை மறுபடி ஓடவிட்டார். டக். டக். அதற்கு மேலே என் குரல், கறாராக: “இது மாதிரி மட்டுமே.”