எழுபத்து மூன்றாம் நாள்

கரையில் நட்டிருந்த தடைக்கம்பத்தை இசிகேலி இரண்டு கைகளாலும் ஆட்டி ஆட்டிப் பிடுங்கியபோது, தோரிகா மாலை கட்டிக்கொண்டிருந்தாள். கம்பத்தின் உச்சியில் சுற்றிய தென்னங்குருத்து காய்ந்து பழுப்பேறியிருந்தது. அவள் கணவன் நெமானியைப் புதைத்த அன்று நட்ட கம்பம் அது. நெமானி மீனவர் குலத்துத் தலைவன். அவனைப் போன்ற ஒருவன் இறந்தால் ஊர்க்கடலை நூறு நாள் மூடிவைப்பார்கள். வலை கிடையாது, தூண்டில் கிடையாது, குழந்தைகள்கூடக் கால் நனைக்கக் கூடாது. இன்று எழுபத்து மூன்றாம் நாள்.

இசிகேலி நெமானியின் தம்பி; ஊர் நிர்வாகமும் அவன் கையில்தான். கம்பத்தைத் தோளில் சாய்த்துக்கொண்டு அவளைத் தாண்டிப் போனவன் நின்றான்.

"சாயங்காலம் திரும்ப நட்டுடுவேன் அண்ணி."

"செத்தவரு சாயங்காலம் வரைக்கும் உயிரோட இருப்பாரா?"

அவன் முகம் கறுத்தது. "போன புயல்ல தண்ணித்தொட்டி வெடிச்சுப் போச்சு. இன்னிக்கு நம்ம கடல்ல நீந்த வர்ற வெளிநாட்டுக்காரங்க புதுசு கட்டித் தர்றாங்க. ஊரு குடிக்கத் தண்ணி வேணாமா?"

வேண்டும்தான். அவளும் அந்தத் தண்ணீரைத்தான் குடிக்கப் போகிறாள். அவன் சொன்னதில் தப்பில்லை என்பதுதான் அவளுக்கு நெஞ்சில் முள்ளாகக் குத்தியது.

மூன்று வாரத்துக்கு முன்னால் அவள் மகள் கெலேரா பிரசவித்து வீட்டில் கிடந்தாள். பால் ஊறவில்லை. மீன் ரசம் குடித்தால் ஊறும் என்பது இந்தத் தீவில் எல்லாப் பெண்களுக்கும் தெரியும். ஐம்பது நாளாக ஊரே டின் மீனும் மரவள்ளிக்கிழங்கும்தான் தின்றுகொண்டிருந்தது. விடிவதற்கு முன் தோரிகா பாறை இடுக்கில் தூண்டிலை விட்டு, உள்ளங்கை அகலத்தில் இரண்டே இரண்டு மீன் பிடித்துவந்தாள். வாசனை காட்டிக்கொடுத்துவிட்டது. இசிகேலி வந்து அடுப்பிலிருந்த சட்டியைத் தூக்கி வேலியோரம் கவிழ்த்தான். அன்றைக்கு ஊர்க்கூடத்தில் எல்லோர் முன்னாலும் அவளைத் தரையில் உட்காரவைத்து, தப்பு செய்தவர்கள் காணிக்கையாக வைக்கும் கவா வேரை இரு கைகளிலும் ஏந்தி மன்னிப்புக் கேட்கச் சொன்னான். "புருஷனோட கடல்லயே பொண்டாட்டி திருடினா, மத்தவங்கள நான் என்னன்னு கேக்கறது?" என்றான். அவள் கேட்டாள். குரல் நடுங்காமல் கேட்டாள். பேத்தி இன்றுவரை பால்மாவுதான் குடிக்கிறது.

கடலுக்குள் இருந்த மணல்திட்டிலிருந்து கரை வரைக்கும் மூன்று கிலோமீட்டர் நீச்சல். நாடி நகரத்திலிருந்து வந்த படகு நீச்சல்காரர்கள் அறுபது பேரையும் அங்கே இறக்கிவிட்டிருந்தது. ஊதல் கேட்டதும் மஞ்சள் தொப்பிகள் நீலத்தில் சிதறின. பக்கத்தில் இளநீர் சீவிக்கொண்டிருந்த லித்தியா கண்ணை இடுக்கிப் பார்த்தாள்.

"காசு குடுத்து மூச்சு வாங்கறாளுங்கடி. நாமல்லாம் ஓசியிலயே வாங்கறோம்."

மாலைக்காரப் பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள். தோரிகாவுக்கும் சிரிப்பு வந்தது. துக்கக் கறுப்பு உடையில் சிரிக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டாள். அவளை மாலை போடச் சொன்னதும் இசிகேலிதான். தலைவரின் மனைவியே வரவேற்றால் விருந்தாளிகளுக்கு மரியாதை, ஊர் வாயும் அடைபடும்.

ஒவ்வொருவராக வந்தார்கள். முட்டியில் பவளம் கிழித்த ரத்தத்தோடு, உப்பில் வெந்த உதடுகளோடு, குனிந்து மாலை வாங்கிக்கொண்டார்கள். கடைசியாக வந்தவள் அறுபது வயது தாண்டிய ஆஸ்திரேலியக்காரி, ஷெர்லி என்று பெயர். கரையேறியதும் அழுதாள். தோரிகாவை ஈரத்தோடு கட்டிக்கொண்டாள். பிறகு நீச்சலுடைக்குள்ளிருந்து எதையோ எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினாள்.

"உங்களுக்குத்தான். அங்க பவளத்துக்கு அடியில இருந்துச்சு. ஒண்ணே ஒண்ணுதான் எடுத்தேன்."

புள்ளி போட்ட சோழி. உயிரோடு இருந்தது. வாய்ப்பிளவில் கறுத்த சதை உள்ளே இழுத்துக்கொள்வதைத் தோரிகா பார்த்தாள்.

கூடியிருந்தவர்கள் கைதட்டினார்கள். இசிகேலியும் தட்டினான்.

"இசிகேலி," என்றாள் அவள், எல்லோர் காதிலும் விழும்படி. "கவா வேர் கொண்டாரவா? இவங்க எங்க உக்காரணும்?"

கைதட்டல் நின்றது. லித்தியா கத்தியைக் கீழே வைத்தாள். ஷெர்லிக்கு ஒன்றும் புரியவில்லை. இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தபடி புன்னகைத்தாள்.

இசிகேலி நெருங்கிவந்து பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னான். "விருந்தாளி அண்ணி. தெரியாம செஞ்சுட்டாங்க. சிரிங்க, போட்டோ எடுக்கறாங்க."

"நான் தெரிஞ்சு செஞ்சேன். அதானே?"

அவன் பார்வை ஒரு கணம் தாழ்ந்ததை அவள் கண்டாள். போதாது அது. படம் எடுக்கும்வரை சிரித்துக்கொண்டு நின்றாள். பிறகு மிச்சமிருந்த மாலைகளை லித்தியாவின் தோளில் போட்டுவிட்டு, உடுத்திய கறுப்போடு கடலுக்குள் நடந்தாள். இடுப்பளவு தண்ணீர் வந்ததும் நீந்தத் தொடங்கினாள். எழுபத்து மூன்று நாளில் உடம்பு எதையும் மறந்திருக்கவில்லை.

மேடையில் ஒலிபெருக்கி திணறியது. "அறுபது பேரும் வந்தாச்சு... இல்ல, இன்னும் ஒருத்தர் தண்ணியில இருக்காங்க. படகு போகட்டும், படகு!"

பவளத் திட்டின் விளிம்பில் மூச்சை இழுத்துக்கொண்டு அவள் மூழ்கினாள். சோழியை ஒரு பிளவில் குப்புற வைத்தாள். அது அசையவில்லை. உயிரோடு இருக்கிறதா, செத்துவிட்டதா என்று தெரியவில்லை. பாறையைப் பிடித்தபடி காத்திருந்தாள்.

அப்போது மீன்கள் வந்தன. முதலில் இரண்டு, பிறகு ஒரு கூட்டமே. எந்த நிழலைக் கண்டாலும் சிதறி ஓடும் கிளிமீன்கள். இத்தனை நாளில் அவற்றுக்குப் பயம் விட்டுப்போயிருந்தது. கைக்கெட்டும் தூரத்தில் மிதந்தன. ஒன்று அவள் கறுப்புத் துணியின் ஓரத்தைக் கடித்து இழுத்துப் பார்த்தது. தலைக்கு மேலே படகின் நிழல் வந்து நின்றது. யாரோ அவள் பெயரைச் சொல்லிக் கத்துவது தண்ணீருக்குள் மழுங்கிக் கேட்டது. அவள் விரல்களை மெல்ல விரித்தாள். மீன்கள் அவற்றின் நடுவே புகுந்து போயின.