மூன்றாம் கண்ணாடி

மாமா கடைசியாக என்னிடம் வாங்கியது ஒரு பென்சில். அக்காவின் கணவர், கோயில் சீரமைப்பில் தலைமைக் கொத்தனார். அவர் கைக்குப் போன பென்சில் எதுவும் திரும்பி வந்ததில்லை.

"காதுல செருகியிருக்கறது என்னோடது."

"பொண்ணையே குடுத்துட்டீங்க, பென்சிலுக்கு அழறியா மாப்ளே?" சிரித்துக்கொண்டே கருவறைக்குள் போனார்.

அடியிலிருந்து நுனிவரை செங்கல்லால் ஆன பழங்கோயில் அது. விமானம் உள்ளே வெறும் கூடு. நான்கு சுவர்களும் வரிசைக்கு ஒரு விரல் அளவு உள்ளே நீண்டு, உச்சியில் ஒன்றையொன்று தொடும். அண்ணாந்து பார்த்தால் இருட்டுதான். எப்போதோ யாரோ வெளியே பூசிய சிமென்ட், ஈரத்தை உள்ளே அடைத்து வைத்துச் செங்கல்லை மாவாக்கிக்கொண்டிருந்தது.

விரிசல்கள் நான்கு. ஒவ்வொன்றின் குறுக்கேயும் ஒரு கண்ணாடிச் சில்லு. இரு முனையிலும் சாந்து வைத்து ஒட்டி, சாந்தின் மேல் தேதி எழுதுவோம். சுவர் மயிரிழை நகர்ந்தாலும் கண்ணாடி உடையும். உடைந்தால் யாரும் உள்ளே போகக் கூடாது. தினமும் காலையில் அவற்றைப் பார்ப்பது என் வேலை.

அன்று காலை, வாசலை ஒட்டியிருந்த மூன்றாவது உடைந்திருந்தது. முந்தின நாள் என் ஏணி அங்கே இடித்தது நினைவுக்கு வந்தது. சொன்னால் வேலை நிற்கும். மாமா ஒரு வாரத்துக்கு என்னைக் கிண்டல் செய்தே கொல்வார். புதுச் சில்லை ஒட்டினேன். பழைய தேதியையே எழுதினேன், பிறகு மாமா வாங்கிக்கொண்ட அதே பென்சிலால்.

"மூணு எப்படி இருக்கு?" சாரத்தில் ஏறியபடி கேட்டார்.

"நல்லா இருக்கு மாமா."

வாசலில் நின்றேன். நாக்கில் ஏதோ நறநறத்தது. செங்கல் தூள். காற்றுதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பட்டப்பகலில் வௌவால் ஒன்று என் தலையை உரசிக்கொண்டு வெளியே பாய்ந்தது. மேலே, தூக்கத்தில் யாரோ பல்லைக் கடிப்பது போல ஒரு சத்தம்.

அப்புறம் என் காதருகே, மிகச் சின்னதாக, 'டிக்'.

திரும்பினேன். புதுக் கண்ணாடி இரண்டாகியிருந்தது. அங்கே இப்போது ஏணி இல்லை.

தலையை உள்ளே நீட்டிக் கத்தினேன்.

"மாமா, இறங்குங்க!"

"என்னடா, பென்சில் வேணுமா?"

"விளையாட்டில்ல மாமா! மூணு உடைஞ்சிருச்சு! காலையிலயே உடைஞ்சிருந்துச்சு!"

சிரிப்பு நின்றது. சாரக்கட்டையில் அவர் கால் வைத்து இறங்கும் ஓசையை எண்ணினேன். ஐந்து வரை கேட்டது.

செம்புழுதி என்னைத் தூக்கி வெளியே எறிந்தது.

அக்காவிடம் எதையும் மறைக்கவில்லை. "காலையிலயே சொல்லியிருக்கலாமேடா" என்றாள்.

இப்போது அங்கே மேற்குச் சுவர் மட்டும் நிற்கிறது. நான்காவது கண்ணாடி அதில்தான் இருக்கிறது, மாமாவே ஒட்டியது. பக்கத்தில் அவருடைய கோணல் எழுத்தில் தேதி. அந்தக் கண்ணாடி உடையவில்லை.