மகாராணியின் முட்டை

கொட்டகைக் கோழிகளுக்கு வயதாகிவிட்டது. முட்டை பாதியாகக் குறைந்ததும் கணவர் கையை விரித்துவிட்டார்.

“முட்டை போடாத கோழிக்குத் தீனி போடறது விழலுக்கு இறைச்ச தண்ணி. மாசக் கடைசியில கறிக்காரன் வண்டி வரும்.”

“அதுவரைக்கும் என் கையில விடுங்க,” என்றாள் அவள். குஞ்சாக வந்த நாளிலிருந்து வளர்த்தவள். அந்த வண்டியில் ஏற்றிவிட மனம் வரவில்லை.

வெந்தயம், பெருஞ்சீரகம், காய்ந்த சாமந்தி இதழ் எல்லாவற்றையும் இடித்துத் தீனியில் கலந்தாள். கோழிகளுக்கோ கொழுப்பு. முட்டை ஓட்டின் வலுவுக்காகப் போடும் கிளிஞ்சல் துண்டுகளைப் பொறுக்கித் தின்றுவிட்டுப் பொடியை ஒதுக்கின. அதிலும் மகாராணி என்று அவள் செல்லமாகக் கூப்பிடும் வெள்ளைக் கோழி, பொடியைக் காலால் வேறு இறைத்தது. “உன் உசுருக்குத்தாண்டி இந்தப் பாடு!” என்று திட்டிக்கொண்டே கிளிஞ்சலைச் சலித்து எடுத்துவிட்டாள். பொடி வாய்க்குப் பழகட்டும், பிறகு போட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தாள்.

பொடி வேலை செய்தது. முட்டைத் தட்டுகள் நிரம்பின. கணவருக்கு வாயெல்லாம் பல்.

“உன் கைப்பக்குவத்துக்கு நானே முட்டை போட்டுடுவேன் போலிருக்கு!”

வண்டியை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அவளுக்குத் தலைகால் புரியவில்லை. கிளிஞ்சல் மூட்டை மூலையிலேயே கிடந்தது. பாழாய்ப்போன சந்தோஷம் அதை மறக்கடித்துவிட்டது.

ஒருநாள் காலையில் பல கோழிகள் எழுந்திருக்கவில்லை. கால்நடை மருத்துவரான கொழுந்தன் ஓடிவந்து ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தான்.

“அண்ணி, கிளிஞ்சல் போடறீங்கல்ல?”

அவள் மூலையைப் பார்த்தாள்.

“தீனியில சுண்ணாம்புச் சத்து இல்லைன்னா, கோழி தன் எலும்பைக் கரைச்சு ஓடு கட்டும் அண்ணி. நீங்க முட்டையை வேற கூட்டிட்டீங்க. இப்பவே போட்டா மத்ததுங்க தேறிடும். முதுகெலும்பு முறிஞ்சது இனி எழுந்திருக்காது.”

கணவர் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை. குழி வெட்ட மண்வெட்டியை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனார்.

மகாராணி கதவோரம் கால்களைப் பரப்பிக் கிடந்தது. அவளைக் கண்டதும் தீனி வந்துவிட்டதென்று கழுத்தை நீட்டியது. காப்பாற்றுகிறேன் என்று கிளம்பித் தன் கையாலேயே கொன்றுவிட்டோமே என்று விம்மியபடி அதைத் தூக்கினாள். அடியில் ஒரு முட்டை, சூடு ஆறாமல்.

எடுத்து விரலால் அழுத்திப் பார்த்தாள். ஓடு நல்ல கெட்டியாக இருந்தது.